ட்ராட் சன்னி எங்க போச்சு? ஒரு டெயில் லைட்டில முடிஞ்ச கேஸ்

போன வருஷக் கடைசியில ஒரு ஞாயிறு காலமை கொழும்பு வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு முன்னால மனிசிக்காகக் காத்துக்கொண்டு நிண்டனான். அவ மீன் வாங்கப் போனா லேசில வரமாட்டா, விளைமீனையும் பாரையையும் கிளறி விலை கேட்டுப்போட்டு கடைசியில சூடைதான் வாங்கிக்கொண்டு வருவா. நான் சும்மா காலி வீதியப் பாத்துக்கொண்டு நிண்டன். வேகன் ஆர், ஆல்ட்டோ, அக்குவா, வெசல், திரும்பவும் வேகன் ஆர், இடைக்கிடை புதுசா இறங்கின சீனாக் கார் ஒண்டு. ஒரு நாற்பது நிமிசம் இருக்கும். அப்பதான் மண்டையில தட்டிச்சு, நிசானின்ர பழைய ட்ராட் சன்னிக் கார் ஒண்டு கூட இந்தப் பக்கம் போகேல்லயே எண்டு.

90கள்ல இதே இடத்தில தடுக்கி விழுந்தா சன்னிக்கு மேலதான் விழோணும். ரியூசன் வாத்திமாரின்ர கார், புதுக்கடை கோட்டு வாசல்ல நிக்கிற அப்புக்காத்துமாரின்ர கார், கலியாண ஊர்வலத்தில பொம்பிளை மாப்பிளைக்குப் பின்னால போற நாலு காரில மூண்டு. அது எப்ப குறைஞ்சது, எந்த வருஷம் எண்டு கேட்டா ஆருக்கும் சொல்லத் தெரியாது. பழைய தியேட்டர் ஒண்டை இடிச்சா ஊரே கதைக்கும், பேப்பரில படம் வரும். கார் அப்பிடி இல்ல, ஒவ்வொண்டா ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளயும் நிண்டுபோகும், ஒருத்தரும் கவனிக்கமாட்டினம்.

ஆனா ஒண்டின்ர கதை எனக்கு அடி முதல் நுனி வரை தெரியும், ஏனெண்டா அது பெரியப்பான்ர. 1993ல வாங்கினது, 2025 ஓகஸ்டில கேற்றைத் தாண்டி கடைசியாப் போனது. அவர் கணக்குப் பிள்ளையா வேலை செஞ்ச மனுசன், 32 வருஷத்து பில் எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள ரப்பர் பாண்ட் போட்டு வச்சிருக்கிறார். அந்த டின்னைக் கொட்டி வச்சுக்கொண்டுதான் இதை எழுதிறன். ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் எழுதிறமாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

ஆள் ஆர்

சன்னி எண்டது 1966ல நிசான் கம்பனி டட்சன் எண்ட பேரில யப்பானில விட்ட கார். பேர் வைக்கிறதுக்கு ஜனங்களிட்டயே கேட்டவை, 80 லட்சத்துக்கு மேல பதில் வந்து குவிஞ்சதாம், அதில இருந்து எடுத்ததுதான் சன்னி. கொழும்பில எங்கட ஆக்களுக்கு முதல் பழக்கமானது 120 வை, பிறகு பி310, பிறகு பி11, அதுதான் முன் சில்லு இழுக்கிற முதல் சன்னி. 1985ல வந்தது பி12. அடிமட்டம் வச்சுக் கீறின மாதிரி சதுரப் பெட்டி, வளைவு எண்டு சொல்ல ஒண்டும் இல்ல. யப்பான்காரன் விளம்பரத்தில ட்ராட் சன்னி எண்டு போட்டான், அந்தப் பேர் கப்பலோடயே வந்து இங்க ஒட்டிக்கொண்டது. 1990 தொடக்கத்தில அங்க பி13 வந்து பி12 நிண்டுபோச்சு. அங்க செஞ்சது அஞ்சு வருஷம் கூட இல்ல, இங்க ஓடினது முப்பது.

ஏன் இவ்வளவு வந்தது எண்டு விளங்கிறதுக்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகோணும். 60கள்ல அந்நியச் செலாவணி இல்லையெண்டு அரசாங்கம் கார் இறக்குமதிய இறுக்கிப் பிடிச்சது. அதால அதுக்கு முன்னம் வந்திறங்கின மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், பீஜோ எல்லாத்தையும் வெட்டி ஒட்டி ஒட்டியே சனம் 15, 20 வருஷம் ஓட்டினது. 70கள்ல உபாலி விஜயவர்தன இங்கயே மஸ்டாவையும் ஃபியட்டையும் பொருத்தி வித்தவர். 1977ல ஜே. ஆர். ஜயவர்தன வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட, யப்பானில பாவிச்ச கார் மழைமாதிரி இறங்கிச்சு. யப்பானில சட்டப்படி புதுக் காருக்கு மூண்டு வருஷத்திலயும் பிறகு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காவும் பெரிய செலவோட பரிசோதனை செய்யோணும். அந்தச் செலவுக்குப் பயந்து அவன் நல்லா ஓடுற காரையே தள்ளிவிடுவான், அந்தக் காரை இங்க ரீகண்டிஷன் எண்டு வாங்கி நாங்கள் புதுக் கார் எண்டு தேங்காய் உடைப்பம். பெரியப்பான்ரயும் அப்பிடித்தான் வந்தது. 1988 தயாரிப்பு, வெள்ளை, 1500 இன்ஜின், காபரேட்டர், அஞ்சு கியர். சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் முடிஞ்ச பிறகு வந்த, நடுவில கோடு போட்ட நம்பர்.

கேஸ் ஷீட்

முதல் பத்து வருஷ பில்லில இன்ஜினுக்கு எண்டு பெரிசா ஒண்டும் இல்ல. எண்ணெய், பிளக், பிரேக் ஷூ. ஆனா ஒரு பில் மட்டும் திரும்பத் திரும்ப வருது: டிக்கிப் பூட்டு. 1996ல ஒருக்கா, 98ல ஒருக்கா, 2000ல திரும்பவும். முதல் எனக்கு விளங்கேல்ல, பெரியப்பாட்டக் கேட்டன். அவர் சிரிச்சார். "செக்பொயின்ற் தம்பி" எண்டார்.

96 ஜனவரியில மத்திய வங்கிக் குண்டு வெடிச்சாப் பிறகு கொழும்பில ஒரு தமிழ் மனுசன் கார் ஓடுறது எண்டா ஒவ்வொரு சந்தியிலயும் இறங்கி அடையாள அட்டையக் காட்டி, "டிக்கி அரின்ன" எண்டு சொன்னவுடன சாவி போட்டுத் திறந்து காட்டுறது. வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு அலுவலாப் போய்வந்தா நாலஞ்சு தரம். வருஷக்கணக்கில அப்பிடித் திறந்து மூடித்தான் பூட்டுத் தேஞ்சுபோனது. காரைச் செஞ்ச யப்பான்காரன் ஒரு டிக்கிப் பூட்டு இத்தனை தரம் திறபடும் எண்டு கனவிலயும் நினைச்சிருக்கமாட்டான்.

அடுத்த பெரிய பில் 2002. போரால பூட்டிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை ஏ9 திறந்த கையோட பெரியப்பா ஓமந்தை, முகமாலை சோதனைச் சாவடி ரெண்டையும் தாண்டிக் கோப்பாயில வீட்டைப் பாக்கப் போனவர், நானும் பின் சீற்றில. ரோட்டெண்டு சொல்ல ஒண்டும் இல்ல, குழிக்கு நடுவில கொஞ்சம் தார். திரும்பி வந்து முன் ஷொக் ரெண்டும், லோவர் ஆம் புஷ் நாலும், ஒரு சைலன்சரும். அந்தப் பயணத்தில எனக்கு மறக்காதது யாழ்ப்பாணத்து ரோட்டில ஓடிக்கொண்டு நிண்ட கார்கள். கேம்பிரிட்ஜ், ஏ40, மொறிஸ் மைனர், என்னவோ 1960க்குள்ள போய் இறங்கின மாதிரி. 1990ல இருந்து பெற்றோல் தடை எண்டபடியா எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சின்னப் போத்தில்ல இருந்து சொட்டு பெற்றோல், சூடாகின உடன மண்ணெண்ணெய், பின்னால வெள்ளைப் புகை, ஊர் முழுக்க குப்பி விளக்கு மணம்.

இதைச் சும்மா ஞாபகத்துக்காகச் சொல்லேல்ல, இந்தக் கேஸுக்கு இதுதான் திறப்பு. அந்தக் கேம்பிரிட்ஜ் எல்லாம் ஏன் தப்பி நிண்டது? நல்ல கார் எண்டபடியா இல்ல, வேற வரேலாத படியா. பாதை திறந்தது, அஞ்சாறு வருஷத்துக்குள்ள மோட்டச்சைக்கிளும் ஓட்டோவும் வேனும் நிறைஞ்சுது, கேம்பிரிட்ஜ் பின் வளவுக்குள்ள மாமரத்துக்குக் கீழ போச்சு. 77லயும் இதுதான் நடந்தது. கதவு பூட்டியிருக்கிற வரைக்கும் பழைய காருக்கு உயிர், திறக்கேக்கதான் சாவு. பழுதாகி நிக்கிற கார் கொஞ்சம், மாத்துக்கு ஆள் வந்ததால நிக்கிற கார்தான் கூட.

கொழும்பில கதவு திரும்பப் பூட்டினது 2020 மார்ச்சில. கொரோனாவும் டொலர்ப் பஞ்சமும் சேர்ந்து வாகன இறக்குமதி முழுக்க நிண்டுது. அதுக்கு முன்னம் சன்னிக்குச் சாவு தொடங்கியாச்சு. 2011, 12ல ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை, பிறகு சின்ன இன்ஜின் காருக்கு வாய்ப்பு, லீசிங்குக்குக் கொடுக்க ஆக்கள் வாசல்ல நிண்டாங்கள், ஃபோனில கூப்பிடுற டெக்சி, பிக்மீயும் ஊபரும், 2015ல வந்தாப் பிறகு ஆல்ட்டோ எண்டா சாப்பாட்டுக்கு வழி. 2016ல பெரியம்மான்ர மூத்தவன் வேகன் ஆர் எடுத்தான், சன்னி கறிவேப்பிலைக்கும் தேங்காய்க்கும் போற கார் ஆயிட்டுது. அந்த நேரம் ஒருத்தன் வந்து விலை கேட்டவன், சொன்ன விலையில பெரியப்பாவுக்கு மூக்கில கோவம் வந்து கேற்றைச் சாத்திப்போட்டார். பூட்டு விழுந்து ரெண்டு வருஷத்தில அதே மாதிரிக் காருக்கு ரெண்டு மடங்கு கேட்டாங்கள். பழைய கார் எல்லாம் திடீரெண்டு சொத்து. டிங்கர் பாஸ்மாருக்கும் நல்ல காலம், கறள் பிடிச்ச கதவைக் கழட்டித் தகடு வச்சு வெல்டிங் அடிச்சு, பட்டி பூசித் தேய்ச்சு, சாகவேண்டிய கார் எல்லாத்தையும் எழுப்பி விட்டாங்கள்.

பிறகு 2022. அந்த வருஷத்தை இலங்கையில இருந்த ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. ஜூன் கடைசியில 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் கிடைச்சா. ஒழுங்கைக்குள்ள தொடங்கின லைன் காலி வீதி வரைக்கும், இரவு காருக்குள்ள படுக்கிறது, பக்கத்துக் கார்காரன் பிளேன்டி கொண்டு வாறது. பிறகு கியூஆர் பங்கீடு வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதில ஒரு வேடிக்கை. பங்கீடு வாகனத்துக்குத்தானே, அது ஓடுதோ இல்லையோ எண்டு ஆரும் பாக்கேல்ல. வருஷக்கணக்கா கூரை விரிப்புக்குக் கீழ கிடந்த காருக்கெல்லாம் பட்டறி போட்டுத் தள்ளிக்கொண்டு பெற்றோல் செட்டுக்கு வந்தாங்கள். பெரியப்பான்ர சன்னியும் அந்த வருஷம் பெற்றோல் போத்தில் வேலைதான் செஞ்சது. செட்டுக்குப் போய் 20 லீற்றர் அடிச்சுக்கொண்டு வரும், ரியூப் போட்டு உறிஞ்சி வேகன் ஆருக்கு ஊத்துவம். முப்பத்துநாலு வயசில ஒரு காருக்குக் கிடைச்ச உத்தியோகம். பங்கீடு 2023 செப்டம்பரில நிண்டுது, அந்த உத்தியோகமும் போச்சு.

சும்மா நிக்கிறது எண்ட வருத்தம்

இந்த டின்னைக் கிளறினதில எனக்கு விளங்கின அடுத்த விசயம், ஓடுறதால கார் சாகிறேல்ல. நிக்கிறதாலதான்.

எங்கட வீடு கடற்கரைப் பக்கமா இறங்கிற ஒழுங்கையில. றெயில் பாதை, அதுக்கங்கால கல்லு, கடல். தென்மேல் பருவக்காத்து அடிக்கிற மாசம் யன்னல் கம்பியில விரலால தொட்டு நக்கினா உப்பு. அந்தக் காத்துக்குள்ள கார் ரெண்டு மாசம் நிண்டா முதல் பட்டறிக்குக் கீழ இருக்கிற தட்டில கறள், பிறகு சில்லு வளைவின்ர உள்மடிப்பு, பிறகு கதவின்ர அடி விளிம்பு, தண்ணி வடியிற ஓட்டை அடைபட்டால். கால் விரிப்பைத் தூக்கிப் பாத்தா அடித்தளம் பப்படம் மாதிரி, குத்தினா விரல் போகும். பின் பிரேக் டிரம் ஷூவோட ஒட்டிக்கொள்ளும். பெற்றோல் காபரேட்டர் கிண்ணத்துக்குள்ள வத்தி மஞ்சள் பிசினாப் படியும், ஊசி அசையாது, பெற்றோல் பம்பின்ர ரப்பர் காஞ்சு வெடிக்கும்.

பெரியப்பாவுக்கு ஒரு மெக்கானிக் இருந்தார், ஹட்டன் ஆள், தெமட்டகொடையில சின்ன கராஜ். பெரியப்பாவ "ஐயா" எண்டுதான் சொல்லுவார். யப்பானுக்கு எண்டு செஞ்ச காபரேட்டர் எண்டபடியா சன்னியின்ர பொனட்டைத் திறந்தா நூடில்ஸ் மாதிரி வேக்யூம் குழாய். 2008ல மேல் மாகாணத்தில புகைப் பரிசோதனை வந்த நேரம்தான் அந்தக் குழாயின்ர அருமை தெரிஞ்சது, ஏனெண்டா அதுக்கு முன்னம் எந்தக் குழாய் வெடிச்சாலும் ஒரு போல்ட்டைச் செருகி அடைச்சு விடுறதுதான் எல்லா கராஜ்லயும் வைத்தியம். புகையில ஃபெயில். அந்த மனுசன் ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்து ஒவ்வொரு குழாயா எங்க இருந்து எங்க போகோணும் எண்டு ஒரு பழைய கலண்டர்த் தாளின்ர பின்பக்கத்தில பென்சிலால கீறி எடுத்தார். அந்தத் தாளும் டின்னுக்குள்ள இருக்குது, மாசம் ஏப்ரல், முன்பக்கத்தில முருகன். எனக்கு இந்த முழுக் கேஸிலயும் பெறுமதியான ஆவணம் அதுதான். அந்தத் தாளைப் பாத்து ஒரு சன்னியத் திருத்தக்கூடிய ஆள் இப்ப கொழும்பில எத்தினை பேர்? அவரே 2019ல கராஜைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிட்டார், மகன் கட்டாரில. அதுக்குப் பிறகு காட்டின கராஜ்ல எல்லாம் பொடியங்கள் முதல் கேக்கிறது, "அங்கிள், ஸ்கேனர் எங்க குத்துறது?"

டெயில் லைட்

2025 பெப்ரவரி முதலாம் தேதி தனியார் வாகன இறக்குமதியத் திரும்பத் திறந்தாங்கள். புதுக் காரின்ர விலையைக் கேட்டா இப்பவும் தலை சுத்தும், அது வேற கதை. ஆனா திறந்தாச்சு எண்ட நினைப்பே காணும், சனத்துக்குப் பழைய காரில இருந்த பயபக்தி போயிட்டுது. எங்கட வீட்டிலயும், கனடாவில இருக்கிற அக்கா ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோலில "இன்னுமா அந்தத் தகரத்தை வச்சிருக்கிறியள்" எண்டு தொடங்கிடுவா.

மே மாசம் ஒரு பின்னேரம் ஒழுங்கை முடக்கில சன்னி நிண்டது. ஓட்டோ ஒண்டு பின்னுக்கு எடுத்தான், மெல்லத்தான், சத்தம் கூடப் பெரிசா இல்ல. இடது பக்க டெயில் லைட் தூள். பம்பரில கீறல் கூட இல்ல. ஓட்டோக்காரப் பொடியன் நல்லவன், இறங்கி வந்து "சொறி ஐயா, எவ்வளவெண்டாலும் தாறன்" எண்டான். பெரியப்பா 500 ரூபாயில முடியிற சாமான் எண்டு நினைச்சு, போ தம்பி எண்டு விட்டிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவரும் பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனம். கொழும்பில வளந்த எல்லாருக்கும் தெரியும், அங்க இல்லாத சாமான் இல்ல, உங்கட வீல் கப் களவு போனா அங்க போய் நீங்களே திரும்ப வாங்கலாம் எண்டு பகிடி சொல்லுவினம். முதல் கடையில இல்ல. ரெண்டாவதில ஒண்டு எடுத்துத் தந்தான், அது சன்னி வேகன்ர, பெட்டிக் காருக்குப் பொருந்தாது. மூண்டாவது கடையில பி13ன்ர இருந்தது. ஆறாவது ஏழாவது கடையில வயசான ஒரு நானா, தொப்பியும் கண்ணாடியும், கல்லாவில இருந்தவர், உடைஞ்ச லைட்டைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்தார், துணியால துடைச்சார், ஏதோ சொந்தக்காரனைக் கண்ட மாதிரி.

"ட்ராட் சன்னி. ஒரு காலத்தில இத கோணியில கட்டி வச்சிருந்தன் மகன். இப்ப வாறல்ல."

"எங்கயும் எடுக்கேலாதோ நானா?" எண்டு பெரியப்பா கேட்டார்.

"பாதியா வெட்டின கார், ஹாஃப் கட், வந்த காலம் வேற. அங்கயே அந்தக் கார் இல்லாத நேரம் இங்க எப்பிடி சாமான் வரும்? ஒண்டு செய்ங்க, இதே மாதிரி நிக்கிற கார் ஒண்ட முழுசா வாங்குங்க."

அவர் பகிடியாச் சொல்லேல்ல. இதுதான் கடைசிக் கட்டத்தில நடக்கிறது. சாமான் புதுசா வராட்டி ஒரு சன்னியக் காப்பாத்த இன்னொரு சன்னியைக் கொல்லோணும். ரெண்டு லைட்டுக்காக ஒண்டு, கதவுக்காக இன்னொண்டு. ரோட்டில ஓடுற ஒண்டு ரெண்டு மூண்டைத் திண்டுதான் ஓடுது. அதாலதான் குறையிறது முதல் மெல்லவும் பிறகு கடகடவெண்டும் இருக்கும், நேற்று வரைக்கும் இருந்த மாதிரி இருந்து இண்டைக்கு ஒண்டுமே இல்லாத மாதிரித் தெரியும். இன்ஜின் இல்ல, கியர் பெட்டி இல்ல, அதெல்லாம் பி13ல இருந்தும் வேனில இருந்தும் எதையாவது பொருத்தி ஓட்டலாம். பொருத்தேலாதது இந்த மாதிரி அற்பச் சாமான், லைட்டு, கண்ணாடி ரப்பர், யன்னல் சுத்துற கைபிடி, அந்தக் காரின்ர உடம்புக்கெண்டே அச்சு வார்த்தது.

சிவப்பு ரேப் ஒட்டிக்கொண்டு ஓடலாம், கன பேர் ஓடுகினம். பெரியப்பா ஒட்டுப் போட்ட சேட்டுப் போடமாட்டார், ஒட்டுப் போட்ட காரும் ஓடமாட்டார். கிடைக்கிற வரைக்கும் நிக்கட்டும் எண்டார். நிண்டுது. மே, ஜூன், ஜூலை, அந்த மூண்டு மாசமும் காத்து எப்பிடி எண்டு மேல சொன்னனான். ஓகஸ்டில திறந்தா பட்டறி செத்து, பின் சில்லு ரெண்டும் இறுகி, பெற்றோல் டாங்கிக்குள்ள கறள்த் தண்ணி. டெயில் லைட்டில தொடங்கின வருத்தம் மூண்டு மாசத்தில முழு உடம்பும் பரவியாச்சு.

பதிவேட்டில உசிரோட

இதில கடதாசி வேலையும் ஒரு பங்கு. பெரியப்பான்ர பதிவுப் புக் சுத்தம், முதல் பேர் ரீகண்டிஷன் இறக்கினவன்ர, ரெண்டாவது அவற்ற. ஆனா அந்தக் காலத்துக் கார் கனக்க ஓப்பன் பேப்பரில, அதாவது புக்கில பேர் மாத்தாமலே, நாலஞ்சு கை மாறினது, புக்கில இருக்கிற ஆள் செத்தோ அவுஸ்ரேலியா போயோ பத்து வருஷம். அப்பிடிக் காரைத் திருத்த ஆரும் காசு போடமாட்டினம், விக்கவும் ஏலாது, வெட்டத்தான் சரி. வெட்டினாலும் நாரஹேன்பிட்டி மோட்டார் வாகனக் கந்தோருக்குப் போய் பதிவை ரத்துச் செய்யிற ஆளும் அருமை. நாட்டில பதிஞ்ச வாகனம் 80 லட்சத்துக்கு மேல எண்டு சொல்லுகினம், அதில எத்தினை தொட்டலங்கப் பக்கம் இரும்புக்குப் போனது, எத்தினை பின் வளவில கோழி அடைகாக்கிறது, அந்தக் கணக்குப் புத்தகத்தில தெரியாது. பதிவேட்டைப் பாத்தா ட்ராட் சன்னி இன்னும் ஊர் முழுக்க ஓடுது.

எல்லாப் பழைய காரும் இப்பிடிப் போகேல்ல எண்டதையும் சொல்லோணும். மொறிஸ் மைனரைப் பாருங்கோ. ஒரு காலத்தில கொழும்பு டெக்சி, கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, மழைக்கு ஒழுகும். இண்டைக்கு அதைப் பூசி மினுக்கிக் கலியாணத்துக்கு வாடகைக்கு விடுகினம். இங்கிலாந்துக்கே பாடிச் சாமான் செஞ்சு ஏத்தின ஆக்கள் இலங்கையில இருந்தவை. 57, 58ல சிங்கள எழுத்தைத் திணிச்சதுக்கு எதிரா எங்கட ஆக்கள் தார் வாளியும் தூரிகையுமாத் திரிஞ்சு அழிச்ச சிங்கள ஸ்ரீ எழுத்து நம்பர் பிளேட்டை இப்ப எங்கட பொடியங்களே "ஒறிஜினல் ஸ்ரீ நம்பர் மச்சான்" எண்டு படம் எடுத்துப் போடுறாங்கள், அதை என்னெண்டு சொல்லுறது எண்டு எனக்கு விளங்கேல்ல. டொயோட்டா டி எக்ஸ் வேகனுக்கும் ஒரு பக்தர் கூட்டம் இருக்குது, பின்னால லீஃப் ஸ்பிரிங், ஒரு லொறிச் சாமானை ஏத்தலாம், அதைத் தொட்டா அடிக்க வருவாங்கள்.

சன்னிக்கு அப்பிடி ஆக்கள் இல்ல. வடிவெண்டு ஒருத்தரும் வாங்கேல்ல, வேகமெண்டு வாங்கேல்ல, கரைச்சல் தராது எண்டு வாங்கினது. கரைச்சல் தராத சாமானை ஆர் ஞாபகம் வச்சிருக்கிறது. உபாலி மஸ்டாவுக்காவது ஒரு கதை இருக்குது, அதைச் செஞ்ச மனுசன் 1983 பெப்ரவரியில கோலாலம்பூர்ல இருந்து ஏறின சொந்த விமானத்தோட காணாமப் போனவர், அந்தக் காரைப் பற்றிக் கதைச்சா அதையும் சேர்த்துக் கதைப்பினம். மாருதி 800ம் சன்னியின்ர வரிசையிலதான் நிக்குது, இந்தியாவில 2014ல செய்யிறதை நிப்பாட்டினது, இங்க இப்ப எண்ணிப் பாத்தா பயமா இருக்கும். அடுத்தது என்ர கணக்கில பி15 சன்னியும் 121 கொரோலாவும். நாளைக்குக் காலமை வேலைக்குப் போகேக்க எண்ணிப் பாருங்கோ, இன்னும் கனக்க இருக்கும், அதாலதான் சொல்லுறன்.

கடைசி

ஓகஸ்ட் மாசம் சிலாபத்தில இருந்து ஒருத்தர் வந்தார், தன்னட்டயும் ட்ராட் சன்னி நிக்குதாம், நீலம், தகப்பன் வச்சிருந்ததாம். காரைச் சுத்தி வந்து பொனட்டைத் திறக்கக்கூட இல்ல, நேர பின்னால போய்க் குந்தினார். வலது பக்க டெயில் லைட்டைத் தடவிப் பாத்தார். அவற்றயில வலது பக்கம்தான் உடைஞ்சதாம், ஏழு மாசமாத் தேடுறாராம். விலை பேச ரெண்டு நிமிசம் கூடப் போகேல்ல. பெரியப்பா டிக்கிச் சாவியை மட்டும் வளையத்தில இருந்து கழட்டி வச்சுக்கொண்டு மற்றதைக் குடுத்தார், பிறகு அந்த மனுசன் முகத்தைப் பாத்துப்போட்டு அதையும் குடுத்திட்டார். முருகன் கலண்டர்த் தாளை ஃபோட்டோ எடுத்து அவருக்கு வட்ஸ்அப்பில அனுப்பினது நான்தான், தாளை விட மனம் வரேல்ல.

லொறியில ஏத்தேக்க பெரியம்மாதான் வாசலுக்கு வந்து தேசிக்காய் ஒண்டை முன் சில்லுக்குக் கீழ வச்சா. வாங்கின அண்டைக்கும் அவதான் வச்சவ. லொறிக்கு மேல ஏத்திற காருக்கு எதுக்கு எண்டு நான் கேக்கேல்ல.

என்னட்ட இப்ப நிக்கிறது 2015 ஆல்ட்டோ. அதுக்கு டெயில் லைட் ஒவ்வொரு மூலைக் கடையிலயும் தொங்குது, விலையும் மலிவு. போன மாசம் இடதும் வலதுமா ஒரு சோடி வாங்கிப் பேப்பரில சுத்தி அலுமாரிக்கு மேல வச்சிருக்கிறன். மனிசி கண்டுபோட்டு, உடையாத லைட்டுக்கு ஏன் லைட் எண்டு கேட்டவ. விலை ஏறப்போகுதாம் எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.